கொலம்பஸ் காலத்துக் கப்பல்களில் முஸ்லிம்கள்: மேடையில் பேசும் முன் சரிபார்ப்பது எப்படி

முப்பத்தோரு வருடம் காயல்பட்டினத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்தேன். ஓய்வு பெற்ற பிறகும் பேச்சுப் போட்டி வந்தால் பிள்ளைகள் நோட்டும் கையுமாக என் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். மீலாது சமயத்தில் "அமெரிக்காவை முதலில் கண்டது யார்?" என்ற தலைப்புக்கு எப்போதும் மவுசு உண்டு. போன வருடம் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி, வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே எழுதிக்கொண்டு வந்தாள். கியூபாவில் ஒரு மலை உச்சியில் கொலம்பஸ் பள்ளிவாசலைப் பார்த்தார். அவருடைய கப்பல் தலைவர்கள் மொராக்கோ சுல்தானின் வம்சம். அவருடைய மொழிபெயர்ப்பாளர் ஒரு முஸ்லிம். மொத்தம் மூன்று செய்தி.

அந்த மூன்றையும் 1998இல் ஒரு மேடையில் நானே சொல்லியிருக்கிறேன். அப்போது அது துண்டுப் பிரசுரமாகச் சுற்றியது. கூட்டம் முடிந்ததும் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து, "எந்தப் புத்தகத்துல இருக்கும்மா? நானும் படிக்கணும்" என்று ஆசையாகக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன். என்னிடம் வரும் பிள்ளைகளுக்குச் சொல்லும் வழியை இங்கே எழுதிவைக்கிறேன். பேச்சுக்கும் உதவும், கட்டுரைக்கும் உதவும்.

முதலில் கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள்

இந்தத் தலைப்பில் நான்கு கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. கொலம்பஸுக்கு முன்பே முஸ்லிம்கள் அமெரிக்கா போனார்களா? கொலம்பஸின் கப்பலில் முஸ்லிம்கள் இருந்தார்களா? முஸ்லிம் அறிஞர்களின் அறிவு அந்தப் பயணத்துக்குப் பயன்பட்டதா? பின்னால் போன கப்பல்களில் முஸ்லிம்களும் முஸ்லிமாகப் பிறந்தவர்களும் கொண்டுபோகப்பட்டார்களா? நான்குக்கும் நோட்டில் தனித்தனிப் பக்கம் ஒதுக்குங்கள். ஒன்றின் ஆதாரத்தை இன்னொன்றின் பக்கத்தில் எழுதாதீர்கள். குழப்பத்தில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

முதல் கேள்வியைப் பள்ளிப் பிள்ளைகள் விட்டுவிடுவது நல்லது. அட்லாண்டிக்கில் துணிந்து போனவர்களைப் பற்றி அரபு நூல்களில் கதைகள் உண்டு. லிஸ்பனிலிருந்து கிளம்பிய எட்டுப் பேரைப் பற்றி 12ஆம் நூற்றாண்டில் அல் இத்ரீஸி எழுதினார். மாலி அரசர் மன்சா மூசா 1324இல் கெய்ரோவுக்கு வந்தபோது, தனக்கு முன்பிருந்த அரசர் பெரும் கப்பற்படையோடு மேற்குக் கடலில் போய்த் திரும்பவே இல்லை என்று சொன்னதை அல் உமரீ பதிவு செய்தார். படிக்க அருமையானவை. ஆனால் யாரும் அமெரிக்கக் கரையைத் தொட்டதாக அவற்றில் இல்லை. ஏழு நிமிடப் பேச்சில் இதற்குள் போனால் வெளியே வர முடியாது.

செய்தியைப் பார்க்காதீர்கள், மூல வரியைப் பாருங்கள்

பள்ளிவாசல் கதையை எடுத்துக்கொள்வோம். 2014இல் துருக்கி அதிபர் எர்டோகனே இஸ்தான்புல் மாநாடு ஒன்றில் இதைச் சொன்னார். அதன் பிறகு இன்னும் வேகமாகப் பரவியது. இவ்வளவு பெரிய ஆள் சொன்னாலும் நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கொலம்பஸின் நாட்குறிப்பைத் திறப்பது.

நாட்குறிப்பின் மூலப் பிரதி தொலைந்துவிட்டது. பார்த்தொலோமே தே லாஸ் காசாஸ் என்ற பாதிரியார் அதைப் பார்த்து எழுதிய சுருக்கம்தான் இன்று நமக்கு மிச்சம். 1893இல் மார்க்கம் என்பவர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு பதிப்புரிமை காலாவதியாகி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் 1492 அக்டோபர் 29ஆம் தேதிக்குப் போங்கள். கியூபாவின் வடகரை. மலைகளை வர்ணிக்கிறார் கொலம்பஸ். அவற்றில் ஒன்றின் உச்சியில் இன்னொரு சிறு குன்று, அழகான பள்ளிவாசலைப் போல இருக்கிறது என்கிறார். "போல" என்பதைச் சிவப்பு மையில் கோடிடச் சொன்னேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ பள்ளி இல்லையா டீச்சர்?" என்றாள். குன்றுதான்மா, பள்ளி இல்லை.

இந்த இடத்தில் நின்றுவிடாமல் இன்னொரு படி போகலாம். அவருக்கு ஏன் பள்ளிவாசல் ஞாபகம் வந்தது? அந்த ஆண்டு ஜனவரி 2ஆம் தேதிதான் கிரனாடா வீழ்ந்தது. ஸ்பெயின் மண்ணின் கடைசி முஸ்லிம் அரசு அது. அங்கிருந்து வந்த மனிதருக்குக் குமிழ் வடிவத்தைக் கண்டால் பள்ளிவாசல் தோன்றுவது இயல்பு. இதற்கு வலுவான துணை ஆதாரமும் உண்டு. 1520இல் ஸ்பானியத் தளபதி எர்னான் கோர்த்தெஸ் மெக்ஸிகோவிலிருந்து அரசருக்கு எழுதிய கடிதத்தில், சோலூலா நகரத்துக் கோயில் கோபுரங்களை நானூற்றுச் சொச்சம் வரை எண்ணிவிட்டு, அத்தனையும் "மெஸ்கிதா" என்கிறார். மெஸ்கிதா என்றால் ஸ்பானிஷில் பள்ளிவாசல். மெக்ஸிகோவின் நடுவில் நானூறு பள்ளிவாசல் இருந்ததாக யாரும் சொல்லமாட்டார்கள். கிறிஸ்தவர் அல்லாதவரின் கோயில் எதுவானாலும் அன்றைய ஸ்பெயின்காரர் வாயில் வந்த சொல் அது. ஒரு சொல்லை வைத்து முடிவு கட்டும் முன், அதே ஆட்கள் அதே காலத்தில் அதை வேறு எங்கே பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள். நான் கற்றுக்கொண்டதில் மிகவும் பயன்பட்ட பழக்கம் இது.

மொழிபெயர்ப்பாளர் விஷயம் நவம்பர் 2ஆம் தேதிக் குறிப்பில் வருகிறது. பெயர் லூயிஸ் தே தோரெஸ். முன்பு யூதராக இருந்தவர், ஹீப்ருவும் கல்தேயமும் (அரமேய மொழி) கொஞ்சம் அரபும் அறிந்தவர் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. ஆசியாவுக்குத்தான் வந்திருக்கிறோம், அங்கே அரபு செல்லுபடியாகும் என்ற நம்பிக்கையில் அவரைக் கியூபாவின் உள்பகுதிக்கு அனுப்பினார்கள். ஆகவே அரபு மொழி முதல் கப்பலிலேயே அமெரிக்கா போனது என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்லலாம். மொழிபெயர்ப்பாளர் முஸ்லிம் என்று சொல்லக் கூடாது.

கப்பல் தலைவர்களான பின்சோன் சகோதரர்கள் ஸ்பெயினின் பாலோஸ் ஊர்க்காரர்கள். சுல்தான் வம்சம் என்று பகிர்கிறவர்கள் யாரும் அக்காலத்து ஆவணம் ஒன்றைக்கூடக் காட்டுவதில்லை. மாறாக, ஆலிஸ் கூல்ட் என்ற அமெரிக்கப் பெண்மணி ஸ்பெயின் ஆவணக் காப்பகங்களில் பல பத்தாண்டுகள் உட்கார்ந்து, முதல் பயணத்தில் போனவர்களில் 87 பேரை ஆவணத்தோடு அடையாளம் காட்டியிருக்கிறார். "எல்லாரும் முஸ்லிம்களாமே" என்று யாராவது சொன்னால் அந்தப் பட்டியலில் ஒரு பெயரைக் காட்டச் சொல்லுங்கள்.

கணக்குப் போட்டுக் காட்டுங்கள்

மூன்றாவது கேள்விக்கு ஒரு கால்குலேட்டர் போதும். கூட்டத்தைக் கட்டிப்போடுகிற இடம் இது.

9ஆம் நூற்றாண்டில் பாக்தாத் கலீஃபா காலத்தில் வாழ்ந்த அல் ஃபர்கானீ, பூமியின் சுற்றளவில் ஒரு பாகை (360இல் ஒரு பங்கு) 56⅔ மைல் என்று எழுதினார். 12ஆம் நூற்றாண்டில் அது லத்தீனுக்குப் போனது. கொலம்பஸ் அந்த எண்ணை எடுத்துக்கொண்டார், மைலை மட்டும் மாற்றிப் புரிந்துகொண்டார். அரபு மைல் ஏறத்தாழ 1,970 மீட்டர். அவர் மனதில் இருந்த இத்தாலிய மைல் ஏறத்தாழ 1,480 மீட்டர். 56⅔ஐ 1,970ஆல் பெருக்கினால் ஒரு பாகைக்குச் சுமார் 112 கிலோமீட்டர், இன்றைய அளவான 111ஐ ஒட்டியே வருகிறது. 1,480ஆல் பெருக்கினால் சுமார் 84தான் வரும். அதை 360ஆல் பெருக்குங்கள்: பூமி 40,000 கிலோமீட்டரிலிருந்து 30,000 கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். மேற்கே போனால் ஆசியா பக்கம்தான் என்று அவர் துணிந்ததற்கு இது ஒரு காரணம். அல் ஃபர்கானீயின் கணக்கு சரி, படித்தவர் எடுத்த அலகு தவறு. கரும்பலகை இருந்தால் பிள்ளைகளையே பெருக்கச் சொல்லுங்கள்.

கொலம்பஸ் கேட்டு வாங்கிய பட்டம் "அல்மிராந்தே", கடற்படைத் தலைவர். அந்தச் சொல்லின் வேர் அரபு "அமீர்". நம் ஊரில் அன்றாடம் சொல்கிற மாலுமியும் அரபு "முஅல்லிம்" வழியாக வந்த சொல்தான். கடல்காரர்களின் பேச்சில் இந்த மாதிரி நிறைய ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு சாட்சி உண்டு. உஸ்மானிய (ஒட்டோமான்) கடலோடி பீரீ ரெய்ஸ் 1513இல் கலிபோலியில் வரைந்த உலக வரைபடம் 1929இல் தோப்காபி அரண்மனையில் கிடைத்தது. கொலம்பஸ் வரைந்த வரைபடம் ஒன்றைப் பயன்படுத்தியதாக அவரே அதில் குறித்திருக்கிறார். கொலம்பஸுடன் மூன்று முறை போய்வந்த ஸ்பானியர் ஒருவர் தன் தந்தையின் சகோதரர் கமால் ரெய்ஸிடம் கைதியாக இருந்து தகவல் சொன்னதையும் குறித்திருக்கிறார். எங்கிருந்து எடுத்தேன் என்று எழுதிவைத்த அந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

சட்டத்தைத் தலைகீழாகப் படியுங்கள்

நான்காவது கேள்விதான் கனமானது. பேச்சின் பாதி நேரத்தை இதற்குக் கொடுங்கள்.

தெருமுனையில் "இங்கே குப்பை கொட்டாதீர்" என்று நான்காவது பலகை வைக்கிறார்கள் என்றால் அங்கே என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று நமக்குத் தெரியும். தடைச் சட்டங்களையும் அப்படிப் படிக்க வேண்டும். 1501இல் கரீபியன் தீவான ஹிஸ்பானியோலாவுக்கு ஆளுநராக நியமிக்கப்பட்ட நிக்கோலாஸ் தே ஒவான்தோவுக்கு அரசரும் அரசியும் கொடுத்த ஆணையில் முஸ்லிம்கள், யூதர்கள், புதிதாக மதம் மாறியவர்கள் அங்கே போகக் கூடாது என்று இருக்கிறது. கிறிஸ்தவர்கள் வீட்டில் பிறந்து வளர்ந்த கறுப்பின அடிமைகளுக்கு மட்டும் விலக்கு. 1521 கிறிஸ்துமஸ் சமயத்தில் கொலம்பஸின் மகன் தியேகோவின் கரும்பாலையில் அடிமைகள் கிளர்ந்தார்கள். முன்னால் நின்றவர்கள் செனெகல் பகுதியின் வோலோஃப் மக்கள். அந்த மக்களிடையே இஸ்லாம் அதற்கு முன்பே பரவியிருந்தது. 1532இல் தனி அனுமதி இல்லாமல் வோலோஃப் அடிமைகளைக் கொண்டுபோகத் தடை வந்தது. 1543இல், அங்கே ஏற்கெனவே இருக்கும் வட ஆப்பிரிக்க அடிமைகளையும் இஸ்லாத்திலிருந்து புதிதாக மாறியவர்களையும் வெளியேற்றச் சொல்லி இன்னொரு ஆணை. வெளியேற்று என்றால் உள்ளே இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை. தடை இருந்ததை வைத்து ஆட்கள் போனார்கள் என்று சொல்லலாம், எத்தனை பேர் என்று சொல்ல முடியாது. "ஆயிரக்கணக்கில்" என்று நாக்கு தானாகவே போகும், அடக்குங்கள். வோலோஃப் என்ற பெயர் வந்தால் அத்தனை பேரும் முஸ்லிம் என்றும் எழுதாதீர்கள்.

இன்னும் தோண்ட விரும்பும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு: ஸ்பெயினின் அமெரிக்க ஆட்சித் தாள்கள் இருக்கும் செவில் நகரத்து இந்தியாஸ் ஆவணக் காப்பகம் 1785இல் தொடங்கியது. ஸ்பெயின் அரசின் "பாரெஸ்" (PARES) என்ற இணையதளத்தில் அங்குள்ள ஏராளமான தாள்களைப் படமாகவே பார்க்கலாம், காசு கிடையாது. "முஸ்லிம்" என்று தேடினால் ஏமாந்துபோவீர்கள். அன்றைய எழுத்தர்கள் எழுதியது மோரோ (moro, முஸ்லிம்), மோரிஸ்கோ (morisco, மதம் மாறியவர்), பெர்பெரிஸ்கோ (berberisco, வட ஆப்பிரிக்கர்), கெலோஃபே (gelofe, வோலோஃப்) என்றுதான். அந்தச் சொற்களைப் போட்டுத் தேடுங்கள்.

ஒரு மனிதரைத் தேர்ந்தெடுங்கள்

சட்டம் மட்டும் சொன்னால் கூட்டம் கொட்டாவி விடும். ஒரு மனிதர் வேண்டும். நான் எப்போதும் எஸ்தெவானிக்கோவைத்தான் எடுக்கச் சொல்வேன்.

மொராக்கோவின் அட்லாண்டிக் கரையில், ஆறு கடலில் கலக்கும் இடத்தருகே அசெம்மூர் என்ற ஊர். 1513இல் போர்ச்சுகீசியர் அதைப் பிடித்தார்கள். அங்கே பிறந்த இவர் அடிமையாகி, ஆந்த்ரேஸ் தொரான்தெஸ் என்ற ஸ்பானியருக்குச் சொந்தமானார். 1527 ஜூனில் பாம்ஃபிலோ தே நார்வாயெஸ் தலைமையில் சுமார் 600 பேரோடு கப்பல்கள் கிளம்பின. அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஃபுளோரிடாவில் இறங்கினார்கள். பசி, நோய், சண்டை. கடலோரமாகத் தப்பிக்க ஐந்து படகு கட்டினார்கள். கடற்கரை ஊரில் பிறந்தவள் நான், இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் மனசு அடித்துக்கொள்ளும். குதிரைச் சேணத்தின் மிதியையும் குதிமுள்ளையும் உருக்கி ஆணி அடித்தார்கள். சட்டைகளைத் தைத்துப் பாய் கட்டினார்கள். குதிரையை அறுத்துத் தின்று, அதன் வால் மயிரையும் பிடரி மயிரையும் திரித்துக் கயிறாக்கினார்கள். படகுக்கு ஐம்பது பேர்போல ஏறினார்கள். டெக்சஸ் கரையில் அலை அவர்களைத் தூக்கி எறிந்தது. கடைசியில் மிஞ்சியவர்கள் நான்கு பேர்: கபேசா தே வாக்கா, தொரான்தெஸ், காஸ்தில்யோ, எஸ்தெவானிக்கோ.

எட்டு வருடம். அந்த மண்ணின் மக்களிடம் அடிமைபோல உழைத்தார்கள், பிறகு நோய் தீர்ப்பவர்களாக மதிக்கப்பட்டார்கள், கண்டத்தைக் குறுக்கே கால்நடையாகக் கடந்து 1536இல் மெக்ஸிகோ சேர்ந்தார்கள். ஊர் மக்களோடு எப்போதும் பேசியதும், வழி விசாரித்ததும் எஸ்தெவானிக்கோதான் என்று கபேசா தே வாக்காவே எழுதியிருக்கிறார். அவருடைய நூல் 1542இல் வெளிவந்தது. 1905இல் ஃபேனி பேண்டலியர் என்ற பெண்மணி செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு இலவசமாகக் கிடைக்கிறது. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். மூன்று ஸ்பானியர்களுக்கும் அப்பா பெயர், ஊர் எல்லாம் சொல்லிவிட்டு நான்காவது ஆளுக்கு வருகிறார்: பெயர் எஸ்தெவானிக்கோ, அரபு பேசும் கறுப்பர், அசெம்மூரில் பிறந்தவர். அவ்வளவுதான். தகப்பன் பெயர் இல்லை, தாய் பெயர் இல்லை.

திரும்பி வந்த மூன்று பேரில் ஒருவர் தென் அமெரிக்காவில் ஆளுநரானார். மற்ற இருவரும் மெக்ஸிகோவில் கல்யாணம் செய்து வசதியாக வாழ்ந்தார்கள். இவர் மட்டும் அடிமையாகவே இருந்தார். 1539இல் வைஸ்ராய் மென்தோசா இவரை வடக்கே அனுப்பினார், மார்கோஸ் தே நீசா என்ற பாதிரியாருக்கு வழிகாட்டியாக. முன்னால் போ, நல்ல தேசம் என்றால் ஒரு சாண் சிலுவை அனுப்பு, பெரிய தேசம் என்றால் இரண்டு சாண், அதையும் மிஞ்சியது என்றால் பெரிய சிலுவை என்று பாதிரியார் சொல்லியனுப்பினார். நான்கு நாளில் ஆள் உயரச் சிலுவை ஒன்று வந்து சேர்ந்தது. எஸ்தெவானிக்கோ நிற்காமல் போய்க்கொண்டே இருந்தார். இன்றைய நியூ மெக்ஸிகோ மாநிலத்தில், சூனி மக்களின் ஹவிக்கூ என்ற ஊரில் கொல்லப்பட்டார்.

இணையத்தில் இவரை முஸ்தஃபா என்று எழுதுகிறார்கள். அது இக்காலத்தார் சூட்டிய பெயர், அன்றைய ஆவணங்களில் இல்லை. அந்தப் பெண்ணுக்கு இதை ஏற்றுக்கொள்ளக் கஷ்டமாக இருந்தது. எனக்கும்தான். உம்மா வாப்பா வைத்த பெயர் ஒன்று அவருக்கு நிச்சயம் இருந்திருக்கும், அதை எடுத்துவிட்டுத்தான் இந்தப் பெயரைப் போட்டார்கள். அந்த இடத்தில் நாம் இன்னொரு பெயரைப் பொருத்திவிட்டால் பறிபோனது கேட்பவர்களுக்குத் தெரியாமலே போய்விடும். பறிபோனது என்று சொல்லுங்கள்.

எழுதும்போது

வினைச்சொல்லில் கவனம் வையுங்கள். தாள் இருந்தால் "இருந்தார்". சூழ்நிலை மட்டும் இருந்தால் "இருந்திருக்கலாம்". "சொல்லப்படுகிறது" என்று எழுதினால் நான் அடித்துவிடுவேன், யார் சொன்னது என்று தெரிந்தால் பெயரைப் போடுங்கள். ஆண்டுகளை ஐந்துக்கு மேல் பேச்சில் வைக்காதீர்கள், 1492, 1501, 1527, 1536, 1539 போதும். பெயர்களை வாய்விட்டுப் பத்து முறை சொல்லிப் பழகுங்கள். கபேசா தே வாக்கா மேடையில் கண்டிப்பாகத் தடுக்கும்.

ஏழு நிமிடத்தை நான் பிரித்துக்கொடுத்தது இப்படி: பள்ளிவாசல் வரிக்கு ஒரு நிமிடம், பாகைக் கணக்குக்கு ஒன்றரை, தடைச் சட்டத்துக்கு ஒன்று, மீதி முழுக்க எஸ்தெவானிக்கோவுக்கு. பீரீ ரெய்ஸை அந்தப் பெண் ஆசைப்பட்டுச் சேர்த்தாள், நேரம் தாண்டியதால் அவளே எடுத்துவிட்டாள்.

முடிந்ததும் யாராவது எழுந்து "அவர் முஸ்லிமா, இல்லையா?" என்று கேட்பார்கள். பதிலை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அசெம்மூரில் பிறந்தார், அரபு பேசினார், கிறிஸ்தவப் பெயர் சூட்டப்பட்டார், அந்தப் பெயரோடுதான் கப்பலேறினார். எட்டு வருடம் அந்தக் காட்டிலும் பாலையிலும் நடந்தபோது மனதுக்குள் என்ன ஓதினார் என்று எந்தத் தாளும் சொல்லவில்லை. இதைச் சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கலாம்.